சுவர் நனைஞ்சா சிக்னல் வரும்!

கடையம் பக்கம் உங்களுக்கு வீடு இருக்கா? அப்போ 'ஓதம்'னா என்னன்னு விளக்கத் தேவையில்லை. மலையடிவார ஊர், ஐப்பசி மழை இறங்கினா சுவர் ஈரமாகத்தான் செய்யும். ஆனா அது மழை ஈரமா, உள்ளே பதிச்ச பைப் கசியுதா? கண்டுபிடிக்கிறதுதான் பாடு. எங்க வீட்டில் பிளம்பர் அண்ணாச்சி மூணு இடத்தில் டைல்ஸை உடைத்தார். கசிவு இருந்தது நாலாவது இடத்தில்!

சொட்டுதானேன்னு விட்டுடாதீங்க. விநாடிக்கு ஒரு சொட்டு, 20 சொட்டு ஒரு மில்லின்னு கணக்குப் போடுங்க. நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். வருஷத்துக்கு 1,000 லிட்டர் டேங்க் ஒன்றரை காலி. கம்பி துருப்பிடித்து, காரை பெயர்வது தனிக் கதை.

'சென்சார் வெச்சா போச்சு' என்பீங்க. பேட்டரியை யார் மாத்துறது பாஸ்? கசியும் நாள் பார்த்துத்தான் அது செத்திருக்கும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2019-ல் இதற்கு ஒரு வழி சொன்னாங்க. நானோ பொருட்களை அடுக்கிய குட்டி சென்சார். ஈரம் பட்டதும் வேதிவினை நடக்கும். அதில் பிறக்கும் மின்சாரமே செல்போனுக்குத் தகவல் அனுப்பிடும். திருடனே அலாரத்துக்கு கரண்ட் கொடுக்கிற மாதிரி! விலை சுமார் ஒரு டாலர்னு கணக்குப் போட்டாங்க.

இன்னொரு வழி, உங்க கார் கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கு: ஃபாஸ்டேக். அதில் பேட்டரி கிடையாது. டோல்கேட் ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலேயே சக்தி எடுத்து, அதையே திருப்பி அனுப்பிப் பதில் சொல்லும். வெயிலில் கண்ணாடியைக் காட்டி சிக்னல் கொடுப்போமே, அதேதான். ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த ஷ்யாம் கொல்லக்கோட்டா குழு, 2013-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு படி மேலே போனது. தனி ரீடர்கூட வேண்டாம், காற்றில் ஏற்கெனவே இருக்கும் டி.வி. அலை போதும்னு செய்து காட்டினாங்க.

சரி, இதில் கசிவு எப்படித் தெரியும்? டேக் நனைஞ்சா ஆன்டெனாவின் சுருதி மாறி, பதில் பலவீனமாகும். அந்தக் குறைதான் அளவு. ஒரே சிக்கல்... சுவரும் அலையைக் குறைக்குமே! அதனால் பக்கத்திலேயே, ஈரம் படாமல் மூடிய இன்னொரு டேக்கையும் வெச்சு ஒப்பிடணும்.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு இன்னும் லைன் ஃபாலோயர் ரோபோவா? ரெண்டு டேக் வாங்கி, முதல்ல உங்க ஹாஸ்டல் பாத்ரூம்ல ஒட்டிப் பாருங்க.