அந்த ஆலிலை கிடைக்குமா?

காலை ஐந்தே முக்கால். அண்ணாமலை இன்னும் கறுப்பாகத்தான் நிற்கிறது. கன்றுக் கூடைகளோடு ஏறும் குழுவில் நானும் ஒருவன். வனத்துறை அனுமதி இல்லாமல் இங்கே ஏற முடியாது; மரம் நடுகிறவர்களோடு சேர்ந்துகொண்டதால் கிடைத்த பாக்கியம். தோளில் கடப்பாரை, கண்ணெல்லாம் தரையில். எனக்கு ஓர் இலை வேண்டும். ஒருவர் சோறு போட்டுச் சாப்பிடும் அளவுக்கு அகலமான ஆலிலை!

வடக்குச் சரிவில், உச்சியை ஒட்டி, யாரும் எட்ட முடியாத இடத்தில் ஒரு ஆலமரம். அதன் அடியில் அருணகிரி யோகி என்னும் சித்தர் மௌனமாக அமர்ந்திருக்கிறார். இது இந்த மலையின் பழைய நம்பிக்கை. அருணாசல புராணமும் சொல்கிறது. சரி, அந்த மரத்தைப் பார்த்தவர் உண்டா? உண்டு!

1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதில் இந்த மலையடிவாரத் திருவண்ணாமலைக்கு வந்தவர் ரமண மகரிஷி. விரூபாட்சி குகையில் இருந்த காலத்தில், வறண்ட ஓடை ஒன்றில் அப்படியொரு ராட்சச இலையைப் பார்த்தார். மேலிருந்து தண்ணீர் அடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். இதன் மரத்தைப் பார்த்துவிடலாம் என்று பிறகொரு நாள் அந்த ஓடை வழியே ஏறினார். செங்குத்தான பாறைகள் தாண்டியதும் தூரத்தில் தெரிந்துவிட்டது! வெறும் பாறைமேல், கரும்பச்சையாக, பிரம்மாண்டமாக. இன்னும் கொஞ்சம் கிட்டே போனபோது கால் ஒரு புதரில் உரச, குளவிக்கூடு கலைந்தது. கலைத்த காலை மட்டும் குளவிகள் மொய்த்துக் கொட்டின. அவர் ஓடவில்லை. தப்பு செய்தது கால்தானே என்று, அவை ஆசை தீரக் கொட்டும்வரை அசையாமல் நின்றார். பிறகு திரும்பிவிட்டார். மறுபடி போகவேயில்லை. பின்னாளில் கிளம்பிய அன்பர்களையும் வேண்டாம் என்றே தடுத்தார்.

மரம் கண்ணெதிரே இருக்கும்போது திரும்பி நடக்க எப்படி முடிந்தது? இந்தக் கதையில் என்னை ஆட்டிவைப்பது அதுதான். திருமால் பன்றியாகி அடியையும், பிரம்மா அன்னமாகி முடியையும் தேடித் தோற்ற மலை இது. சிவன் கோயில்களில் கருவறையின் பின்சுவரில் நிற்கும் லிங்கோத்பவர் காட்டுவது அந்தத் தேடலைத்தான். அவர்களுக்கு எதுவும் தென்படவில்லை. ரமணருக்கு மரம் தென்பட்டது.

"இன்னா சார், ஒவ்வொரு இலையாப் பொரட்டறீங்க?" என்கிறார் முன்னால் போகும் அக்கா. கதையைச் சொன்னேன். அவருக்குத் தெரியாதா என்ன! "எங்க பாட்டி சொல்லும் சார். ஆனா அது காலத்துல இங்க ஆட்டுக்கே நெழல் இல்ல."

உண்மை. விறகு வெட்டு, மேய்ச்சல், வருஷா வருஷம் தீ. மலை மொட்டையாகிக் கிடந்தது. 1980களின் கடைசியிலிருந்து தன்னார்வலர்கள் நட்டு நட்டுத்தான் இந்தப் பச்சை திரும்பியிருக்கிறது. எலுமிச்சைப் புல் காய்ந்துவிட்டால் ஒரு தீக்குச்சி போதும், பல வருஷ உழைப்பு சாம்பல். அதனால் கோடைக்கு முன்பே புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். முதுகை ஒடிக்கும் வேலை. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: மொட்டை மலையில் ஒரு சித்தர் எங்கே போய் ஒளிவார்? ஒளிய இடம் இப்போதுதான் திரும்ப வந்திருக்கிறது!

ஓடை மணலில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள். முள்ளம்பன்றி! பாறைமேல் மரநாய் எச்சம். குச்சியால் கிளறினால் உள்ளே முழு முழு விதைகள். அதுவும் மரம் நடுகிற ஆள்தான். சித்தர்கள் எந்த உருவிலும் வருவார்கள் என்பது இங்கே சாதாரணப் பேச்சு. இந்த உடம்புக்குள் எந்த ஆத்மா வந்திருக்கிறதோ என்று நாயையும் குரங்கையும் மரியாதையாக நடத்தியவர் ரமணர்; 1948இல் இறந்த பசு லட்சுமிக்கு அவருடைய ஆசிரமத்தில் சமாதியே இருக்கிறது. முள்ளைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கூடை காலியான பிறகு அக்கா கையைத் தட்டிக் கூப்பிட்டார். வெறும் பாறை. அதில் விரல் நுழையாத வெடிப்பு. பறவை எச்சம் காய்ந்திருந்த இடத்தில் நான்கே இலைகளோடு ஒரு ஆலங்கன்று, ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நகம் அளவு.

"இந்தாங்க சார், நீங்க தேடுன மரத்தோட பேரப்புள்ள."

குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியை அந்த வெடிப்பில் ஊற்றினேன். மீதியை அக்கா வாங்கி ஊற்றினார்.