மாத்திரைச் சூடா, மீன் குழம்பா?

"மாத்திரை ரொம்பச் சூடும்மா, வேர்த்து ஊத்துது." காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இப்படிச் சொன்னாலே எனக்குப் பதறும். தூத்துக்குடிக் கடலோரத்தில் காசநோய் சுகாதாரப் பார்வையாளராக வீடு வீடாகப் போகிறவள் நான். சூடு என்று முடிவுகட்டிவிட்டவர், மறுநாளே மாத்திரையை நிறுத்திவிடுவார்.

இரவில் படுக்கை நனைய வியர்ப்பது இந்த நோயின் பழைய அடையாளம். மருந்து பிடித்துவிட்டால் சில வாரங்களில் குறைந்துவிடும். ஆனால், படகில் போகிற ஓர் அண்ணாச்சிக்கு நடந்தது வேறு. சிகிச்சையில் இரண்டாவது மாதம். காய்ச்சல் விட்டு, இருமல் நின்று, எடையும் ஏறியிருந்தது. ராத்திரி வியர்வை கிடையாது. சில நாள் மட்டும் மத்தியானம் சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில் முகம் செக்கச்செவேல் என்று சிவக்கும். தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், சட்டையைப் பிழியலாம் போல வியர்க்கும். சாயங்காலத்துக்குள் தானாக அடங்கிவிடும்.

"அன்னைக்கு என்ன குழம்பு மதினி?" என்று அவர் வீட்டம்மாவைக் கேட்டேன்.

"சூரைதான். கறிக்குன்னு படகுலேந்து கொண்டாந்தாவ."

ஐஸ் படாமல் வெயிலில் கிடந்த மீன். சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்கள் அப்படிக் கிடந்தால் பாக்டீரியா பெருகி, மீன் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. கொஞ்சம் உள்ளே போனால் நம் குடலிலுள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். காசநோய் மருந்துகளில் ஒன்றான ஐசோனியசிட் அந்த நொதியைத் தடுக்கிறது. அதனால் ஹிஸ்டமின் அப்படியே ரத்தத்தில் கலக்கிறது. இலங்கையில் காசநோயாளிகள் சூரை சாப்பிட்டு இப்படி அவதிப்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் 1970-களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

மருத்துவரும் விசாரித்துவிட்டு இதையே சொன்னார். அண்ணாச்சி சூரையை விட்டார், மாத்திரையை விடவில்லை. ஆறு மாத சிகிச்சை முழுதாக முடிந்தது.

எல்லா வியர்வையும் மீனால் வருவதல்ல. சர்க்கரை நோயாளி இன்சுலின் போட்டுக்கொண்டு, காசநோய் மாத்திரைக்காக வெறும் வயிற்றோடு காத்திருந்தால், சர்க்கரை இறங்கி வியர்க்கும், கை நடுங்கும். உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் மருந்து எடுத்தும் காய்ச்சலோடு இரவு வியர்வை நீடித்து, எடையும் ஏறவில்லை என்றால் சளிப் பரிசோதனை அவசியம். கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் இருக்கலாம். வியர்வை, சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசின் மருந்தின் சாயம்தான், பயம் வேண்டாம்.

எப்போது வியர்த்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்று சிகிச்சை அட்டையின் பின்புறமே குறித்து வையுங்கள். மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். சந்தேகம் வந்தால் எங்களைக் கூப்பிடுங்கள், வீட்டுக்கே வருகிறோம்.