ஏர்கன் வைத்திருக்கிறீர்களா?

இன்றைக்கு உரமும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. மோட்டார் கொட்டகையில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறீர்களே ஏர்கன், அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எந்தக் கிராமத்துக்குப் போனாலும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "சார், இதுக்கு லைசென்ஸ் வேணுமா? முயல் அடிச்சா தப்பா?" இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு 'வேண்டாம்' என்று பதில் கிடைத்ததும், இரண்டாவதற்கும் அதுதான் பதில் என்று நம்மவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

துப்பாக்கியை முதலில் பார்ப்போம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழாயின் துளை 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. இரண்டில் ஒன்று கூடினாலும் தேவை. ஆகவே 0.22 அளவுத் துப்பாக்கியை "இதுவும் ஏர்கன்தானே" என்று வாங்கி வந்துவிடாதீர்கள். பெரிய ஸ்பிரிங் போட்டு 'பவர் ஏத்தித் தர்றேன்' என்பவரிடமும் போகாதீர்கள். வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது முயல். முயல், கௌதாரி, காடை எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவை. அந்தச் சட்டத்தை 2022-இல் திருத்தி, 2023 ஏப்ரல் முதல் அமலாக்கினார்கள். வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. காயப்படுத்துவதும், பிடிப்பதும், அதற்கு முயற்சி செய்வதும் வேட்டைதான். "குறி தப்பிப் போச்சுங்க" என்று சொன்னால் விடமாட்டார்கள். "என் சொந்தப் பட்டா நிலம்" என்பதும் செல்லாது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. துப்பாக்கியோடு, ஏறிப் போன வண்டியும் பறிமுதல் ஆகலாம். மயில் என்றால் இன்னும் கடுமை: குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு ஆண்டு வரை போகும். மயில் நிலக்கடலையைக் கிளறுகிறது, தக்காளியைக் கொத்துகிறது. அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியாததல்ல. பளபளக்கும் ரிப்பனை முறுக்கிக் கட்டுங்கள், நாய் வையுங்கள், ஆள் போட்டு விரட்டுங்கள். சுடுவது மட்டும் வேண்டாம்.

சட்டம் கிடக்கட்டும், பண்ணைக் கணக்குக்கு வருவோம். பெரிய பிராணியை ஒரே அடியில் வீழ்த்த இந்த 4.5 மில்லிமீட்டர் குண்டுக்குச் சக்தி போதாது. அடிபட்டது புதருக்குள் போய் நாலு நாள் துடித்துச் சாகும். சரி, எலியைச் சுடலாமே என்பீர்கள். எலியை ஒழிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வரப்பு எலி பகலெல்லாம் வளைக்குள் கிடந்துவிட்டு ராத்திரியில் கதிரை வெட்டுகிறது. டார்ச்சும் துப்பாக்கியுமாக நீங்கள் விடிய விடிய நடந்தாலும் நாலைந்துக்கு மேல் தேறாது. அதோடு கல்லிலும் தண்ணீரிலும் பட்ட குண்டு தெறித்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பக்கத்து வயலில் தண்ணீர் கட்டுகிறவர் இருப்பார்.

எலிக்கு நம் தஞ்சாவூர் கிட்டி போதும். மூங்கிலும் கயிறும்தான் செலவு. வரப்பு ஒரு முழ அகலத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் வளை தோண்ட இடமும் இருக்காது. இதையெல்லாம் விடப் பெரிய எலிபிடிகாரன் கூகை. பாழடைந்த கட்டடத்தில் கூகை அடையும் இடத்துக்குக் கீழே கரிய உருண்டைகள் கிடக்கும். ஒன்றை உடைத்துப் பாருங்கள், எலியின் மண்டை ஓடும் பல்லும் முடியும் இருக்கும். கூலி கேட்காத இந்த ஆளைத்தான் 'வீட்டில் அலறினால் ஆகாது' என்று சொல்லி நம் பையன்கள் ஏர்கன்னால் அடிக்கிறார்கள். அடிக்கிற வீட்டுக்காரர்தான் மறுநாள் எலி மருந்து கேட்டு டிப்போவுக்கு வருகிறார்! வயலில் T எழுத்துப் போல் குச்சி நட்டு வையுங்கள். பகலில் கரிச்சான் உட்கார்ந்து புழுவைப் பொறுக்கும், இரவில் கூகை உட்காரும்.

பறவைக்கும் வெள்ளாமைக்கும் உள்ள இந்த உறவை வேடந்தாங்கல் குடியானவர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது அவர்கள் மனுக் கொடுத்து, 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்புப் பட்டயம் வாங்கினார்கள். நம் காலத்திலேயே, 2021 மார்ச்சில், அருணாசலப் பிரதேசத்தில் லும்டுங் என்ற ஊர்க்காரர்கள் 46 ஏர்கன்களைத் தாங்களாகவே அரசிடம் ஒப்படைத்தார்கள். வேட்டை பரம்பரை வழக்கமாக இருந்த ஊர்கள் அவை.

அப்படியானால் ஏர்கன் எதற்கு? குறி பழக. அது நல்ல விளையாட்டு. மண்மேட்டுக்கு முன்னால் அட்டையை வைத்துச் சுடுங்கள். ஓடு, கல், பாட்டில் வேண்டாம்.

பராமரிப்பில் மூன்று நான்கு விஷயம்தான். குண்டு போடாமல் விசையை அழுத்திப் பார்க்காதீர்கள். எதிரே காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் போய் மோதி வாஷரும் ஸ்பிரிங்கும் கெடும். மடக்கி ஏற்றிய நிலையிலேயே வைத்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். காற்று அறைக்குள் தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதையும் ஊற்றாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் சூடேறி, டீசல் இஞ்சினில் நடப்பது போல் அது பற்றிக்கொள்ளும். சிலிக்கான் எண்ணெய் எப்போதாவது ஒரு சொட்டுப் போதும். குண்டு போடும்போது மடக்கிய குழாயை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். கை நழுவினால் குழாய் மேலே அடித்து விரலை நறுக்கிவிடும். குண்டு ஈயம், வாயில் கவ்வாதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சக்தி போதாது என்றேனே, அது குழந்தையின் கண்ணுக்குப் பொருந்தாது. பறித்துவிட அந்தச் சக்தி தாராளம். ஐப்பசி அடைமழைக்கு முன் குழாயைத் துடைத்து, வெளிப்பக்கம் லேசாக எண்ணெய் தடவி, பீரோவுக்குள் பூட்டுங்கள். குண்டு டப்பா வேறு பெட்டியில் இருக்கட்டும். சாவி உங்கள் இடுப்பில்.