ஜெட் ஸ்கிக்கு மாற்று கிராங்க் ஷாஃப்ட்: பணம் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போர்ட்டிக்சன், பத்து ஃபெரிங்கி, லங்காவி கடற்கரைகளில் ஜெட் ஸ்கி வாடகைத் தொழில் சூடு பிடிக்கும். இரண்டு மூன்று பழைய ஜெட் ஸ்கிகளை வைத்துப் பிழைப்பு நடத்துபவருக்கு ஒன்று நின்றாலே வருமானம் அடிபடும். அதைவிடப் பெரியது பாதுகாப்பு. ஜெட் ஸ்கிக்குச் சுக்கான் கிடையாது. பின்னால் பீய்ச்சும் நீரே அதைத் திருப்புகிறது. நடுக்கடலில் இயந்திரம் நின்றால் ஓட்டுபவரால் வண்டியைத் திருப்பவும் முடியாது.

இப்படி நிற்பதற்கு ஒரு முக்கியக் காரணம் கிராங்க் ஷாஃப்ட் பழுது. பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றி ஜெட் பம்பை இயக்குவது இதுதான்.

பழைய ஜெட் ஸ்கிகள் பல டூ ஸ்ட்ரோக் வகை. ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் கிராங்க் பேரிங்குகளுக்கு உயவு. எண்ணெய் பம்பு பழுதானால் பேரிங் கருகும். உள்ளே புகுந்த கடல் நீரை உடனே வெளியேற்றாவிட்டால் துரு பிடிக்கும். எனவே, பழையது ஏன் போனது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். இல்லையென்றால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

வாங்குபவர் முன் நான்கு வழிகள் உள்ளன. தயாரிப்பு நிறுவனத்தின் அசல் பாகம் விலை அதிகம், ஆனால் அளவில் சந்தேகம் இருக்காது. வேறு நிறுவனங்கள் செய்யும் புதிய பாகம் மலிவு. தரம் ஆளுக்கு ஆள் மாறும். மூன்றாவது, பழையதைப் பிரித்து, புதிய கனெக்டிங் ராட், பேரிங், சீல் போட்டு மீண்டும் அழுத்திச் சேர்ப்பது. அனுபவமுள்ள பட்டறை செய்தால் இது நல்ல வழி. வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழையது நான்காவது. அதன் பேரிங்கில் துரு இருக்கிறதா என்பது வெளியே தெரியாது என்பதால் இதுவே ஆபத்தானது.

பொருத்தம் அடுத்த கேள்வி. யமாஹா 701, 760 இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 68 மில்லிமீட்டர்தான். சிலிண்டர் விட்டம் முறையே 81, 84 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் ஒன்று என்பதற்காக ஒன்றின் கிராங்க் மற்றதில் அப்படியே உட்காரும் என்று முடிவு கட்டக்கூடாது. இயந்திர எண்ணையும் பாக எண்ணையும் ஒப்பிட்ட பிறகே வாங்க வேண்டும்.

புதுப்பித்த கிராங்க் என்றால், அளந்து காட்டும்படி பட்டறையில் கேட்கலாம். இரு முனைகளையும் தாங்கியில் வைத்து டயல் கேஜ் கொண்டு சுற்றிப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். பல இயந்திரங்களில் வரம்பு சுமார் 0.05 மில்லிமீட்டர்தான், துல்லிய அளவு அந்தந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். வழக்கமான இரட்டைச் சிலிண்டர் கிராங்கில் இரண்டு பின்களும் 180 பாகையில் எதிரெதிராக நிற்க வேண்டும். சற்றே முறுக்கிக்கொண்டாலும் ஒரு சிலிண்டரின் பற்றவைப்பு நேரம் தவறிப்போகும்.

ஃபோர் ஸ்ட்ரோக் வகையில் கிராங்க் பொதுவாக ஒரே துண்டு. அது சுழலும் பரப்பில் கீறல் உண்டா என்று பார்த்து, மைக்ரோமீட்டரால் தேய்மானத்தை அளக்க வேண்டும். கடைந்து சிறிதாக்குவதற்கு முன், அந்த அளவுக்கு பேரிங் கிடைக்குமா என்று விசாரிப்பது அவசியம்.

மாட்டிய பிறகு டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸில் காற்றுக் கசிவு உள்ளதா என்று சோதிக்க வேண்டும். எண்ணெய்க் குழாயில் சிக்கிய காற்றையும் வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு நாளும் கடலிலிருந்து ஏற்றியதும் நல்ல தண்ணீரால் கழுவுவது இயந்திரத்தின் ஆயுளைக் கூட்டும். அதிலும் முறை உண்டு: முதலில் இயந்திரத்தை ஓட்டி, பிறகு குழாயைத் திறக்க வேண்டும், முதலில் குழாயை மூடி, பிறகு இயந்திரத்தை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய், புதிய கிராங்கையும் கெடுத்துவிடும்.