வைக்கோலை எரிபொருளாக்கும் ஈஸ்ட்

கள் புளிப்பதும் ரொட்டிமாவு உப்புவதும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் வேலை. சர்க்கரையை உண்டு சாராயத்தை வெளிவிடுவது அதன் இயல்பாகும். கரும்புச் சாற்றிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் மோட்டார் வண்டிக்கான எரிசாராயம் இவ்வாறே பெறப்படுகிறது. ஆனால், உண்ணத்தக்க பொருளை வண்டிக்கு ஊட்டுவது தகுமா? வைக்கோல், கரும்புச் சக்கை, சோளத்தட்டை முதலிய கழிவுகளிலிருந்து அதனைப் பெற இயலாதா? இவ்வினாவே அறிஞர்களை ஆராய்ச்சியில் தூண்டியது.

கழிவிலும் சர்க்கரை உண்டு. எனினும், அது நாராகக் கோக்கப்பட்டு, லிக்னின் என்னும் கெட்டிப் பொருளால் பிணிக்கப்பட்டுள்ளது. வெப்பத்தாலும் அமிலத்தாலும் அப்பிணிப்பைத் தளர்த்தி, நொதிகளால் நாரைச் சிதைத்தால் முக்கியமாக இருவகைச் சர்க்கரைகள் கிடைக்கின்றன. ஒன்று, ஆறு கரியணுக்கள் கொண்ட குளுக்கோஸ். மற்றொன்று, ஐந்து கரியணுக்கள் கொண்ட சைலோஸ். முன்னதை விரும்பி உண்ணும் ஈஸ்ட், பின்னதைத் தீண்டுவதில்லை. அதனைச் செரிப்பதற்கேற்ற நொதிகள் ஈஸ்டிடம் போதிய அளவில் இல்லாமையே காரணம். இதனால் சர்க்கரையில் கணிசமான பங்கு வீணாயிற்று.

1993இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோ அம்மையாரின் குழு, சைலோஸை உண்ணும் வேறோர் ஈஸ்டின் மரபணுக்களைப் புகுத்தி, இரு சர்க்கரைகளையும் சாராயமாக்கும் ஈஸ்டை உருவாக்கியது. ஆயினும், இம்முறை இரண்டு படிகளைக் கொண்டது. இடையில் சைலிட்டால் என்னும் பொருள் தேங்கிவிடுவதுண்டு. ஒரே படியில் வேலையை முடிக்கும் நொதி தேவைப்பட்டது.

அந்நொதி யானை இலத்தியிலிருந்து கிடைத்தது! யானை தின்னும் முரட்டுப் புல்லைச் சிதைக்கும் பூசணம் ஒன்று அதன் குடலில் வாழ்கிறது. அதன் மரபணுவை ஈஸ்டில் பொருத்திய செய்தியை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக அறிஞர்கள் 2003இல் வெளியிட்டனர். முதலில் அந்த ஈஸ்ட் மிக மெதுவாகவே வளர்ந்தது. சைலோஸை மட்டும் உணவாக அளித்துப் பல தலைமுறைகள் வளர்த்து, விரைந்து பெருகியவற்றைத் தேர்ந்தெடுத்த பின்னரே அது பயன்தரலாயிற்று.

ஆய்வுக்கூடத்தின் வெற்றி ஆலையின் வெற்றியாகிவிடுவதில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள எம்மெட்ஸ்பர்க்கில், சோளத்தட்டையிலிருந்து எரிசாராயம் வடிக்கும் ஆலை 2014இல் திறக்கப்பட்டது. 2019இல் அதன் வாணிப உற்பத்தி நிறுத்தப்பட்டது. வயல்தோறும் சிதறிக்கிடக்கும் தட்டையைத் திரட்டி ஆலைக்குக் கொணர்வதும், அதன் பிணிப்பைத் தளர்த்துவதும் செலவு மிக்கவை. ஈஸ்ட் தன் பங்கைக் கற்றுக்கொண்டது. கழிவை மலிவாகத் திரட்டிச் சர்க்கரையாக்கும் வழியைக் காண்பதே இனி மனிதனின் வேலை.