சீலியாக் நோய்: மருந்துச் செலவு இல்லை, மளிகைச் செலவுதான்!

என்னோட நண்பர் ஒருத்தர் சென்னையில ஐடி வேலையில இருக்கார். ரத்தசோகைன்னு ரெண்டு வருஷமா இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டார். ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. அடிக்கடி வயிறு உப்புசம், பேதி. "வேலை டென்ஷன்"னு விட்டுட்டார். கடைசியில்தான் தெரிஞ்சது, சீலியாக் நோய்.

கோதுமை, பார்லி, ரை தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கும். சத்து உடம்பில் சேராது. கவனிக்காமல் விட்டால் ரத்தசோகை, எலும்புத் தேய்மானம் வரை போகும். இதைக் குணப்படுத்த மாத்திரை இல்லை. வாழ்நாள் முழுக்க குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் சிகிச்சை. அதாவது, செலவு மெடிக்கல் பில்லில் வராது, மாத பட்ஜெட்டில் வரும்.

முதல் செலவு: டெஸ்ட். அதை மிச்சம் பிடிக்காதீங்க

2016ல் வெளியான ஓர் ஆய்வின்படி, வட இந்தியாவில் 1000 பேரில் சுமார் 12 பேருக்கு சீலியாக் இருக்கிறது. தென்னிந்தியாவில் சுமார் ஒருவருக்குத்தான். அரிதாக இருப்பதால் நம்ம ஊரில் சந்தேகம் வரவே லேட் ஆகலாம்.

பலர் செய்யும் தப்பு, யூடியூப் பார்த்துட்டு தானாகவே கோதுமையை நிறுத்துவது. டெஸ்டுக்கு முன்னாடி நிறுத்தினால் ரிசல்ட் தப்பாக நார்மல்னு வரலாம். முதலில் டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை, பிறகு தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடல் பயாப்ஸி. இரைப்பை-குடல் மருத்துவர் சொல்லும் வரை வழக்கமான சாப்பாட்டையே தொடருங்க. நோய் இல்லாமலே ஆயுசுக்கும் டயட் இருப்பதைவிட இந்த டெஸ்ட் செலவு மலிவு.

பாக்கெட் வழியா, அரிசி வழியா?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. விலைகள் எல்லாம் ஊகம்தான், உங்க கடை விலையைப் போட்டுப் பாருங்க.

- மாவு மாதம் 5 கிலோ: சாதா கோதுமை கிலோ 60 ரூபாய், குளூட்டன் ஃப்ரீ 250 ரூபாய் என்றால் கூடுதல் செலவு 950 ரூபாய்.
- பிரெட் 4 பாக்கெட்: 50 ரூபாய்க்குப் பதில் 250 ரூபாய் என்றால் கூடுதல் 800 ரூபாய்.
- பிஸ்கட், நூடுல்ஸ்: 500 ரூபாய் 1,250 ஆனால் கூடுதல் 750 ரூபாய்.

மொத்தம் மாதம் 2,500. வருஷத்துக்கு 30,000 ரூபாய்! ஒரு நல்ல எஸ்ஐபி பணம் அது.

இப்போ இன்னொரு வழி. இட்லி, தோசை, இடியாப்பம், வெண்பொங்கல், அடை, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சாதம், பருப்பு, காய்கறி, முட்டை, மீன். இதில் எதுக்கும் இயல்பாகவே குளூட்டன் கிடையாது, தனி விலையும் கிடையாது. ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிற மாநிலத்தில் இருக்கோம். சப்பாத்தியையும் பிரெட்டையும் "அதே மாதிரி" வேணும்னு தேடும்போதுதான் பர்ஸ் காலியாகுது. பாக்கெட்டை ஊருக்குப் போறப்போ, பிறந்தநாளுக்குன்னு வெச்சுக்கோங்க.

பணம் போட வேண்டிய இடம்

ஒரு துளி மாவு கலந்தாலும் பாதிப்புதான். அதனால் சில இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

- கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். லேபிள் பார்த்து, கோதுமை சேர்க்காததை வாங்குங்க. ஹோட்டல் சாம்பார், ரசத்திலும் இதே சிக்கல்.
- மாவு மில்லில் கோதுமை அரைத்த மிஷினிலேயே உங்க அரிசியையும் அரைப்பாங்க. வீட்டு மிக்ஸி அல்லது கிரைண்டர் நல்லது.
- ரவா, சேமியா, மைதா, மால்ட் சேர்த்த சத்து பானம், பீர், பெரும்பாலான சோயா சாஸ் எல்லாம் ஆபத்து. தோசை ஓகே, ரவா தோசை இல்லை.
- பரோட்டா போட்ட கல்லில் தோசை ஊத்தக்கூடாது. வீட்டில் தனி தோசைக்கல், தனி சல்லடை வாங்குங்க. ஒரு தடவைச் செலவு.

பாக்கெட்டில் "குளூட்டன் ஃப்ரீ" என்று போடணும்னா, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது எஃப்எஸ்எஸ்ஏஐ விதி. "கோதுமை இல்லை" என்று மட்டும் போட்டிருந்தால் பார்லி இருக்கலாம், கவனம்.

இன்ஷூரன்ஸ்: மறைக்காதீங்க

ஹெல்த் பாலிசி சாப்பாட்டுச் செலவைத் தராது. டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை போன்ற ஓபி செலவும் பல பாலிசிகளில் வராது. ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் அது உதவும்.

கம்பெனி குரூப் பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு முதல் நாளிலிருந்தே கவர் கிடைப்பது வழக்கம். ஆனா வேலையை விட்டா அதுவும் போயிடும். தனி பாலிசி எடுக்கும்போது சீலியாக் இருப்பதைக் கண்டிப்பா சொல்லுங்க. 2024 முதல், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம்தான். மறைத்து எடுத்தால் க்ளெய்ம் நேரத்தில் நிராகரிப்பாங்க.

பரிசோதனைக்கும் தனியா ஒரு தொகை ஒதுக்குங்க. டயட் வேலை செய்யுதான்னு பார்க்க அதே ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுப்பாங்க. இரும்பு, வைட்டமின் டி, எலும்பு அடர்த்தியும் பார்க்கச் சொல்லலாம். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க, பிள்ளைகளுக்கும் சீலியாக் வர வாய்ப்பு அதிகம் என்பதால் அவங்களுக்கும் ஒரு டெஸ்ட் தேவைப்படும்.

அந்த நண்பர் இப்போ மதியத்துக்கு டப்பாவில் இட்லியோ எலுமிச்சை சாதமோ கொண்டு வர்றார். ஒரு வருஷத்தில் ஹீமோகுளோபின் நார்மல். டீம் டின்னரில் எல்லாரும் பரோட்டா சாப்பிடும்போது மட்டும் கொஞ்சம் கஷ்டம்தான்னு சொல்றார். ஆனா மாதக் கடைசியில் பேங்க் பேலன்ஸ் பார்த்தா அந்தக் கஷ்டம் குறையுதாம்!

உங்களுக்கும் மாத்திரைக்கு ஏறாத ரத்தசோகையோ, மாசக்கணக்கில் வயித்துப் பிரச்சினையோ இருந்தா, அடுத்த சம்பளம் வந்ததும் முதல் வேலையா டாக்டரைப் பாருங்க. அதுவரை சப்பாத்தியை நிறுத்தாதீங்க.