மண் பட்ட காயத்தில் பூஞ்சை

2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது ‘கருப்புப் பூஞ்சை’ என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கேட்டது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்களும்தான் பெரும்பாலும் பாதிக்கப்பட்டார்கள். அதனால், ‘உடம்பில் எந்தக் கோளாறும் இல்லாத என்னைப் பூஞ்சை அண்டாது’ என்ற நம்பிக்கை பலருக்கு ஏற்பட்டுவிட்டது. அது முக்கால்வாசி சரி. பூஞ்சை வித்துகளை நாம் மூச்சோடு அன்றாடம் உள்ளே இழுக்கிறோம். வெள்ளணுக்கள் அவற்றை அங்கேயே தீர்த்துவிடுகின்றன. மீதிக் கால்வாசியைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

2011 மே 22 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஜாப்ளின் நகரைக் கடும் சுழற்காற்று தாக்கியது. 150-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் காயம். மண்ணும் மரச்சிராய்களும் சரளைக்கல்லும் சதைக்குள் ஆழமாகப் புதைந்த காயங்கள் அவை. சுத்தம் செய்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் சிலருக்குக் காயம் ஆறவில்லை. சதை அழுகி, மேலே பூஞ்சை படர்ந்தது. மியூகார்மைகோசிஸ், அதாவது நாம் ‘கருப்புப் பூஞ்சை’ என்று அழைத்த அதே நோய், என்று உறுதியானவர்கள் 13 பேர். அவர்களில் சர்க்கரை நோயாளிகள் இரண்டு பேர்தான். நோய் எதிர்ப்பு சக்தி குன்றியவர் ஒருவர்கூட இல்லை. ஐந்து பேர் இறந்தார்கள்.

காரணமான பூஞ்சை அப்போஃபைசோமைசஸ் இனத்தைச் சேர்ந்தது. இந்த இனம் உலகுக்கு முதலில் தெரியவந்ததே இந்திய மண்ணிலிருந்துதான்: 1979-ல், ஒரு மாந்தோப்பு மண்ணில் கண்டெடுத்து விவரித்தார்கள். சாலை விபத்து, தீக்காயம், ஊசி போட்ட இடம் வழியாக இந்தப் பூஞ்சை உள்ளே நுழைந்ததை நம் நாட்டு மருத்துவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே இதைத் தூரதேசத்து விபரீதம் என்று ஒதுக்க முடியாது.

இந்தப் பூஞ்சை இரத்தக் குழாய்ச் சுவருக்குள் புகுந்து வளரும். உள்ளே இரத்தம் உறைந்து குழாய் அடைபடும். இரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கும். இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது; அதனால் ஆம்ஃபோடெரிசின் பி என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, செத்த சதையை வெட்டி எடுத்தாக வேண்டும், பல சமயம் திரும்பத் திரும்ப. பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாட்டிக்குக்கு இங்கே வேலையே இல்லை. அதை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்ப்பதில் போகும் நாட்கள்தான் கையையும் காலையும், சில நேரம் உயிரையும் பறிக்கின்றன.

காயம் மட்டுமே வழி அல்ல. 2005-ல் கொழும்பில், பிரசவ அறுவைக்காக முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்ட, அதுவரை ஆரோக்கியமாக இருந்த ஐந்து பெண்களுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சையால் மூளை உறை அழற்சி வந்தது. மூன்று பேர் இறந்தார்கள். சுனாமி நேரத்தில் வந்து குவிந்த மருத்துவப் பொருட்களோடு சரியான வசதியில்லாத கிடங்கில் இருந்த சிரிஞ்சுகள் மீது சந்தேகம் விழுந்தது. பிள்ளை பெறப் போன பெண்கள் அவர்கள். அவர்கள் உடலில் குறை எதுவும் இல்லை. பூஞ்சை அத்தனை காவலையும் தாண்டி நேராக உள்ளே செலுத்தப்பட்டிருக்கிறது.

இத்தகைய தொற்று அரிது. ஒவ்வொரு சிராய்ப்புக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் மண்ணோ சகதியோ புகுந்த ஆழமான காயம், ஆன்டிபயாட்டிக் எடுத்தும் பரவினால், ஓரம் கறுத்தால், வெண்பஞ்சு போல ஏதாவது படர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அடிபட்டது வயலிலா, சாலையோரத்திலா, சாக்கடையிலா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மேலே துடைத்து எடுத்த பஞ்சு போதாது; சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அந்தத் துணுக்கு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பூஞ்சையை வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பகுதியைச் சலைனில் தனியாக அனுப்ப வேண்டும். “பூஞ்சைக்கும் பரிசோதனை அனுப்பியாயிற்றா, டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.